ஏர்ல் இரண்டாம் முறை கேட்கவில்லை

ராமாத்தாள் டெக்சாஸில் மர வியாபாரத்துக்குள் நுழைந்தது சாமி அலமாரிக்கு நாலு பலகை வாங்கப் போய்த்தான். 1991. கோபிசெட்டிப்பாளையத்திலிருந்து காப்பெல்லுக்கு வந்த புதிது. ஏர்ல் என்ற வெள்ளைக்காரரின் மரக்கடையில் எடுத்துத் தந்த பலகையெல்லாம் கோணல். இவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுக்கையே பிரித்துப் போட்டு, வேண்டியதைப் பொறுக்கினாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஏர்ல், இங்கேயே வேலைக்கு வருகிறாயா என்று சிரித்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற கணவன் மணியன் ஓகே சொல்லிவிட்டான். கிரீன் கார்டு வந்தும் வீட்டில் சும்மா இருந்தவள் அவன் உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள், பாவம்.

ஆறு வருஷத்தில் கவுன்டர் அவள் ராஜ்ஜியமாகிவிட்டது. மலைபோல் இருந்த கான்ட்ராக்டர்கள்கூட அவளிடம் அதட்டல் வாங்கிக்கொண்டு, மறுநாள் அவளையே தேடி வந்தார்கள். பைன் மரத்தின் பச்சை வாசனையில் அவளுக்கு அப்படியொரு கிறக்கம். அந்தக் கடை தனதாக வேண்டும் என்ற ஆசையை மணியனிடம்கூட அவள் சொன்னதில்லை.

1997இல் ஏர்லுக்கு முழங்கால் விட்டுப்போயிற்று. ஒரு மத்தியானம் கவுன்டரில் சாய்ந்துகொண்டு, கடையை விற்கப்போகிறேன், நீ வாங்கிக்கொள்கிறாயா என்று கேட்டார். ராமாத்தாளுக்கு நெஞ்சு குதித்தது. வாயோ, "ஐயையோ, எனக்கெதுக்கு? வேண்டாம்" என்றது. ஏர்ல் சரி என்று தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

அவள் மேல் தப்பில்லை. கோபியில் பிடித்த பலகாரமாகவே இருந்தாலும் முதலில் இலையைக் கையால் மறைத்துப் போதும் என்பதுதான் மரியாதை. பரிமாறுகிறவர் விடமாட்டார், வற்புறுத்துவார். அப்புறம் வேறு வழியில்லாததுபோல் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏர்ல் வற்புறுத்துவார் என்று அந்த வாரம் முழுக்க அவள் காத்திருந்தாள். கடைசியில் டை கட்டிய ப்ரோக்கர் ஒருவர் அளவு நாடாவோடு வந்தார். இடத்தில் அபார்ட்மென்ட் கட்டப்போகிறார்களாம்.

வீட்டுக்கு வந்து அழுதாள். விஷயம் தெரிந்ததும் மணியன் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஏம்புள்ள, இதென்ன பந்தியா, மறுபடி வந்து கேக்கறதுக்கு? இந்த ஊர்ல ஒருக்கா வேண்டாம்னா வேண்டாந்தான். டைரக்டா போயிக் கேளு."

"நாமளாப் போயி எப்படிங்க கேக்கறது? கேவலமா இருக்காதுங்களா?"

கேவலமாகத்தான் இருந்தது. இருந்தும் மறுநாள் போனாள். அறையில் ஏர்லும் ப்ரோக்கரும் பேசி முடிக்கிற நேரம். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. எனக்கு இந்தக் கடை வேண்டும் என்றாள். அன்றைக்கே வேண்டாம் என்றாயே என்று ஏர்ல் விழித்தார்.

"எங்க ஊர்ல முதல்ல வேண்டாம்னுதான் சொல்லுவோம். நீங்க இன்னொரு தடவை கேட்டிருக்கணும்."

 ஏர்ல் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, பந்தி உபசாரம் தெரிந்தவர்போல முன்னால் குனிந்தார்.

"சரி ராமா, இந்தக் கடையை நீ..."

"வாங்கிக்கறேன்."

ப்ரோக்கர் பையை மூடினார். பேங்க் லோனுக்கு மணியன் ஓடினான். அந்த வருஷங்களில் பக்கத்து ஊரான ஃபிரிஸ்கோவின் புல்வெளிகளெல்லாம் தெருத்தெருவாக வீடுகளாக மாறின. அவற்றில் எத்தனையோ வீடுகளுக்கு ராமாத்தாள் கடை மரம்தான் போனது. 2001இல் ஃபிரிஸ்கோவிலேயே இரண்டாவது கடையைத் திறந்தாள். திறப்பு விழாவில் ஏர்ல் கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே வந்தவர்களிடமெல்லாம் ஒரே புலம்பல். கடையை வாங்க அரை நொடியில் சரி சொன்னவள், விலை என்று வந்ததும் பழையபடி "ஐயையோ, வேண்டாம்" என்று ஆரம்பித்துவிட்டாளாம். மரியாதைக்காகத்தான் சொல்கிறாள் என்று நம்பி, இவர் விடாமல் மறுபடி மறுபடி கேட்டாராம், ஒவ்வொரு முறையும் குறைத்துக் குறைத்து.