கட்டைவிரலுக்குத் தெரியாத கறி

கறிக்கடைக்காரருக்குக் கட்டைவிரல்தான் கண். தொங்கும் தொடையை ஒருமுறை அழுத்தினால் போதும். இளசா முற்றலா, பட்டினி கிடந்த ஆடா என்று சொல்லிவிடுவார். மலைக்கு அப்பால் அணு உலை வெடித்து, அதன் தூசு மழையோடு மழையாக மேய்ச்சல் நிலத்தில் இறங்கிய பிறகு அந்த விரலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கதிர்வீச்சு ஏறிய கறியும் அதே சிவப்பு, அதே மிருது. கடையைச் சாத்தியாயிற்று.

அவர் வளர்த்த ஆடுகளைப் பட்டியில் அடைத்து, வெளியூர் வைக்கோலை மட்டும் கொடுத்துவந்தால் சில வாரங்களில் கதிர்வீச்சு அவற்றின் உடம்பைவிட்டு இறங்கிவிடும் என்றார்கள் அதிகாரிகள். எல்லா ஆடுகளும் தின்றன. கால் ஊனமான பெட்டையாடு நொண்டி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர் கைப்பிடி கைப்பிடியாக நீட்டிக் கெஞ்சுவதை மனைவி பார்த்தாள்.

"என்னைக்காவது எனக்கு இப்படி ஊட்டியிருக்கீங்களா?"

பனி இறங்கிய ஒரு விடியலில், தூக்கமா விழிப்பா என்று தெரியாமல், நொண்டியை ஓடைப்பக்கம் ஓட்டிப்போனார். புல்நுனிகளில் வெளிச்சம் உருண்டது. அது மேயும் சத்தத்தைத் தவிர உலகத்தில் வேறு சத்தமே இல்லை. இவ்வளவு பச்சையில் என்ன கெடுதல் இருந்துவிடப் போகிறது? அடுத்தடுத்த விடியல்களிலும் கால்கள் தாமாக அங்கேயே போயின.

கதிர்வீச்சை அளக்க அரசாங்கத்திலிருந்து வந்தவன் மனைவியின் தம்பி. நாலைந்து ஆடுகளைப் பிடித்துப் பின்தொடையில் கருவியை வைத்துப் பார்ப்பது அவன் வேலை. ஒன்று தவறினாலும் மொத்தப் பட்டிக்கும் தடை. பிடித்தவை எல்லாம் தேறின.

"சனிக்கிழமை கடையைத் திறங்க மாமா. ஈரலை மட்டும் எனக்கு எடுத்து வெச்சிடுங்க."

மனைவிக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவருக்குப் பின்னால் நின்று நொண்டி சட்டையைச் சப்பிக்கொண்டிருந்தது. அதன் தொடையை அழுத்தினார். நல்ல கறி என்றது விரல்.

"மாப்ள, இவளையும் பாரு."

"போதும் மாமா. கணக்கு முடிஞ்சிடுச்சு."

"உன் புள்ளைங்களும் இதைத்தானே திங்கப் போவுதுங்க? வைடா."

கருவி விடாமல் கத்தியது.

"வெளிய மேஞ்சுதா?"

"காலையில... ரெண்டு வாய்."

"ரெண்டு வாயாம்!" என்றாள் மனைவி. "ஆட்டை மேய்ச்சாரா, அதோட சேர்ந்து கனாக் கண்டாரான்னு கேளுடா."

தம்பி பட்டிக் கதவில் சிவப்பு நாடாவைக் கட்டினான். கடையைத் திறக்க இன்னும் ஒரு மாதமாவது ஆகும். அவன் போன பிறகும் அவர் கதவைப் பிடித்தபடியே நின்றார்.

"நாளையிலேர்ந்து விடிகாலையில பட்டிக்கு நான் வரேன்," என்றாள் அவள். "நீங்க போத்திக்கிட்டுத் தூங்குங்க."