அத்தை சொன்ன சாட்சி

சீனாவோடு சண்டை மூண்ட வருஷம், போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் ஒரு சீனாக்காரர் படுத்திருந்தார். வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் சமையல்காரர். குடல்வால் நோவு என்று அவரை இறக்கிவிட்ட கப்பல், அவருடைய காகிதங்களைக் கொடுக்க மறந்து, போயே போய்விட்டது. வயிற்றுத் தையல் ஆறுவதற்குள் உத்தரவு வந்தது. சீன வம்சத்தாரை மெயின்லாண்டு முகாமில் அடைத்து, பிறகு சீனாவுக்கு அனுப்பிவிட வேண்டுமாம்.

அவரோ சீனாவைக் கண்ணால் கண்டதில்லை. பிறந்தது மலாயா ரப்பர் தோட்டத்தில். பினாங்கில் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். எங்கள் அத்தையும் மலாயாவில் வளர்ந்தவள்தான், ஆஸ்பத்திரியில் ஆயா. "அக்கா, கஞ்சியில கொஞ்சம் உப்பு போடுங்க" என்று அவர் தோட்டத்துத் தமிழில் கேட்டதும் உருகிப்போனாள்.

மலாயாவில் பிறந்தவர் என்று யாராவது சாட்சி சொன்னால், மரம் ஏற்ற வரும் அடுத்த கப்பலில் பினாங்குக்கே அனுப்பலாம் என்றார் விசாரணை அதிகாரி. அவர் வடக்கத்திக்காரர். ஃபீனிக்ஸ் பே துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த அப்பாதான் அவருக்கு இந்தியில் மொழிபெயர்க்க வேண்டும். பள்ளிக்கூடம் லீவு என்பதால், சீனாக்காரரோடு அங்கே போன அத்தை என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

பால் ஏட்டைத் திருடித் தின்றதைக்கூட ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறவள் அத்தை. அன்று ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இவன் பொறந்தப்ப தொப்புள்கொடி அறுத்ததே நான்தான் தொரை."

அப்பா தன் தங்கையை ஒரு கணம் பார்த்தார். பிறகு இந்தியில் சொன்னார். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அவருக்கு இருபத்தொம்பது வயசுன்னு இப்பதானே சொன்னாரு? அத்தைக்கு முப்பத்தஞ்சு. அப்படின்னா அத்தைக்கு அப்ப ஆறு வயசுதான்ப்பா!"

அத்தை என் தொடையைக் கிள்ளினாள். குழந்தை என்ன சொல்கிறாள் என்று அதிகாரி இந்தியில் கேட்டார்.

"பூக் லக்தா ஹை, சாப்" என்றார் அப்பா. எனக்குப் பசிக்கிறதாம்!

அதிகாரி என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். டிராயரிலிருந்து இரண்டு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டார். சீனாக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அன்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. சரியான கணக்குச் சொன்னதற்குக் கிள்ளலா என்று நான் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதமே அவர் பினாங்குக்குக் கப்பலேறினார்.

மறுவருஷம் அதிகாரி மாற்றலாகிப் போனார். ஜெட்டியில் வழியனுப்ப அப்பாவோடு நானும் நின்றேன். பெட்டி தூக்கிய ஆளிடம் அதிகாரி, "பாத்து தூக்குப்பா, உள்ள கண்ணாடிச் சாமான் இருக்கு" என்றார். சின்ன வயதிலிருந்தே பேசியவர் போல, பிசிறில்லாத மதராஸ் தமிழ்.

அப்பா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார், பிடித்திருந்த என் கையை விட்டார். வழக்கமாகச் சல்யூட் அடிக்கிறவர், அன்று இரண்டு கையையும் கூப்பினார். கப்பல் கண்ணுக்கு மறையும்வரை இறக்கவே இல்லை. கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. நல்ல மனுஷரைப் பிரிகிற வருத்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.