ஐயாதுரையின் ரத்தமும் பாண்டிதுரையின் பச்சையும்

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் ஸ்டாண்டில் லோடு ஆட்டோ ஓட்டும் ஐயாதுரைக்குச் சொந்தமாக ஒரே ஒரு பெருமைதான் இருந்தது. அது அவர் உடம்புக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஓ நெகட்டிவ். லேசில் கிடைக்காத ரத்தம். ஆட்டோ பழசு, வீடு வாடகை, முடி பாதி போய்விட்டது. ஆனால் காரில் போகிற மில் முதலாளிக்கே அந்த ரத்தம் தேவைப்பட்டாலும் ஐயாதுரைக்குத்தான் போன் வரும். மருந்துக்கடை தேவநேசன் நடத்துகிற ரத்ததான வாட்ஸ்அப் குழுவில் அந்த வகைக்கு அவர் ஒரே ஆள். "வாரேன்" என்று அவர் ஒரு சொல் போட்டால், கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழும். சாப்பிடும்போது அதை ஒரு தரம் எடுத்துப் பார்த்துக்கொள்வார். தொட்டுக்க வேறொன்றும் வேண்டாம்.

இந்த ராஜ்யத்துக்குள்தான் பாண்டிதுரை வந்து சேர்ந்தான். மில் லாரி ஓட்டுகிறவன், இளவட்டம், தலை நிறைய முடி. அவனும் ஓ நெகட்டிவ்.

முதலில் ஐயாதுரை பெரிய மனசு பண்ணிப் பார்த்தார். "வாலே, நமக்கும் ஒரு துணை வேணும்லா" என்றார். ஆனால் அவன் "வாரேன்" போட்டபோது அவருக்கு விழுந்ததைவிட அதிகமாகக் கும்பிடு விழுந்தது. கூடவே இதயம் வேறு. அவன் கை நீட்டிப் படுத்திருந்த போட்டோவைத் தேவநேசன் ஸ்டேட்டஸில் வைத்தார். ஐயாதுரை ரத்தம் கொடுத்தபோது எடுத்த போட்டோவில் அவர் கண்ணை மூடியிருந்தார். அதை யாரும் எங்கும் வைக்கவில்லை. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் ஸ்டாண்டுக் குழாயடியில் பாண்டிதுரை சட்டையைக் கழற்றி முகம் கழுவினான். இடது தோளுக்குக் கீழே பச்சை குத்தியிருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று வாசிப்பதற்குள் துண்டைப் போட்டு மூடிவிட்டான். ஐயாதுரைக்கு வாசிக்கத் தேவையும் இல்லை. பச்சை குத்தினவன் ஆயுசுக்கும் ரத்தம் கொடுக்கக் கூடாது, மை ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று அவருக்கு யாரோ எப்போதோ சொல்லியிருந்தார்கள். யார் என்பது ஞாபகமில்லை. நம்பிக்கை மட்டும் கெட்டியாக இருந்தது. அன்றைக்கு அது கொஞ்சம் இனிக்கவும் செய்தது.

நேராக மருந்துக்கடைக்குப் போனார்.

"அண்ணாச்சி, நான் சொன்னேன்னு வேண்டாம். பாண்டிப்பய கையில பச்சை குத்தியிருக்கான்."

"என்ன குத்தியிருக்கான்?" என்றார் தேவநேசன்.

"என்னத்தக் குத்துனா என்ன? மை உள்ள போயிருக்கும்லா. அந்த ரத்தத்த ஏத்துனவியளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நம்ம குழு பேரு என்னாகும்?"

தேவநேசனுக்கும் அதே யாரோ அதையேதான் சொல்லியிருந்தார்கள். தலையை ஆட்டினார்.

அந்த வாரமே சோழபுரத்து விவசாயி ஒருவருக்கு ஆபரேஷன் என்று செய்தி வந்தது. பாண்டிதுரை "வாரேன்" என்று போட்டான். அதற்குக் கீழேயே ஐயாதுரை, "பச்சை குத்தியவர்கள் வர வேண்டாம், நான் போகிறேன்" என்று போட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிழையில்லாமல் ஒரு வரி எழுதியிருந்தார். ரத்தம் கொடுத்துவிட்டு, அந்த வீட்டார் வாங்கித் தந்த பால்கோவாவை ஸ்டாண்டு முழுக்கக் காட்டிக்கொண்டு வந்தார். பாண்டிதுரைக்கும் ஒரு வாய் கொடுத்தார். அவன் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டான்.

"அண்ணே, நான் இம்புட்டு நாளா குடுத்ததெல்லாம் கெட்டுப்போன ரத்தமா?"

"எனக்கென்னலே தெரியும்."

"பொங்கலுக்கு ஒரு சின்னப் பிள்ளைக்குக் குடுத்தேண்ணே. அதுக்கு ஒண்ணும் ஆயிருக்காதுல்ல?"

ஐயாதுரை பால்கோவா டப்பாவை மூடிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். அவன் பால்கோவாவைத் தின்னவில்லை. பாண்டிதுரை குழுவைவிட்டு வெளியேறிவிட்டான் என்று சாயங்காலம் போனில் ஒரு வரி வந்தது. அந்த வரியையும் ஐயாதுரை சாப்பிடும்போது எடுத்துப் பார்த்தார். நினைத்த அளவுக்கு ருசிக்கவில்லை.

அடுத்த மாதம் அவர் தங்கை செல்வலட்சுமிக்கு வலி கண்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆபரேஷன்தான், அவளுக்கு ரத்தமும் கம்மி, ஓ நெகட்டிவ் கைவசம் இருந்தாக வேண்டும் என்றார்கள். அண்ணன் தங்கை இருவருக்கும் ஒரே ரத்தம். ஐயாதுரை சட்டைக்கையை மடித்துக்கொண்டே ரத்த வங்கிக்கு ஓடினார்.

"கடைசியா எப்பக் குடுத்திய?" என்று கேட்டார் அங்கிருந்த நர்ஸ் ஜெயக்கொடி.

"போன மாசம்."

"மூணு மாசம் ஆகணும். இப்ப எடுக்க முடியாது."

"நான் நல்லாத்தான் இருக்கேன் சிஸ்டர், எடுங்க."

"வேற ஆள் இருந்தா வரச் சொல்லுங்க. மதுரையில கேட்டிருக்கோம், வந்துசேர நேரமாகும்."

செல்வலட்சுமி ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏண்ணே, ஊருக்கெல்லாம் குடுத்துட்டு எனக்கு மட்டும் இல்லன்னுட்டியா?"

வேற ஆள் இருந்தான். ஐயாதுரை போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெயரைப் பார்த்தபடி நின்றார். தங்கையின் முனகல் கேட்டதும் விரல் தானாக அழுத்திவிட்டது.

"ஏலே பாண்டி, எங்க இருக்க?"

"மம்சாபுரம் பக்கம்ணே."

"எந்தங்கச்சி செல்விக்கு ரத்தம் வேணும்லே."

"பச்சை இருக்கேண்ணே."

"தெரியும்லே. நீ வா. கேட்டுப் பாப்போம்."

வந்தான். ஜெயக்கொடி அவனிடம் பச்சை எப்போது குத்தியது என்று கேட்டார்.

"நாலு வருசமாச்சு சிஸ்டர். ஆண்டாள் தேரோட்டத்துல குத்துனது."

"அப்பொ என்ன? ஒரு வருசம் தாண்டினாப் போதும்."

"மை ரத்தத்துல கலந்துராதா?" என்றார் ஐயாதுரை, குரலைத் தாழ்த்தி.

"மை தோல்லயே நின்னுரும். பயமெல்லாம் ஊசிக்குத்தான். சுத்தமில்லாத ஊசியில மஞ்சக்காமாலை, எச்.ஐ.வி. எல்லாம் ஒட்டிக்கிடும். அதான் ஒரு வருசம் பொறுக்கச் சொல்லுதது. ஆயுசுக்கும் குடுக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

ஐயாதுரை சுவரில் ஒட்டியிருந்த கொசு ஒழிப்புப் படத்தை வாசிக்கத் தொடங்கினார்.

"அப்பொ அந்தச் சின்னப் பிள்ளைக்கு…" என்றான் பாண்டிதுரை.

"எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணித்தான்பா ஏத்துவோம். கவலப்படாத."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டைக்கையால் கண்ணைத் துடைத்தான். ஐயாதுரை அதைப் பார்த்துவிட்டார். கொசுப் படத்திலேயே இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம்.

ரத்த அழுத்தம் பார்க்க அவன் சட்டையை மடித்தபோது பச்சை முழுசாகத் தெரிந்தது. காதலி பேர் இல்லை, சாமி படமும் இல்லை. ஒரு சொட்டு, அதற்குள் 'ஓ நெகட்டிவ்'.

"லாரியில போறவன்லாண்ணே. ரோட்டுல அடிபட்டுக் கெடந்தா பாக்குறவியளுக்குத் தெரியட்டும்னு."

"எழுதியிருந்தாலும் டெஸ்ட் பண்ணாம ஏத்த மாட்டோம்" என்றார் ஜெயக்கொடி.

"அட, வீணா வலிச்சிருச்சே."

தங்கை உள்ளே கிடக்கிறாள், வெளியே இவன் ரத்தம் கொடுக்கிறான். அந்த நேரத்திலும் ஐயாதுரைக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷம் அந்த ரத்தத்தைச் சுமந்தவர் அவர். இந்த யோசனை அவருக்கு ஏன் வரவில்லை?

பெண்பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். மறுநாள் பார்க்கப் போனபோது பிள்ளை வீல் வீலென்று அழுதுகொண்டிருந்தது. ஐயாதுரை வாங்கினார், நிற்கவில்லை. பாண்டிதுரை வாங்கினான், நின்றுவிட்டது.

"ரெண்டு மாமாவும் வந்திருக்காவ பாரு" என்றாள் செல்வலட்சுமி.

"போதும், குடுலே" என்றார் ஐயாதுரை. "ரத்தம் குடுத்த கை, வலிக்கும்."

அன்றைக்கே தேவநேசனிடம் சொல்லி அவனைக் குழுவில் சேர்க்க வைத்தார். "பச்சை குத்தி ஒரு வருடம் ஆனவர்கள் வரலாம். முன்பு நான் சொன்னது தப்பு" என்று எழுதியும் போட்டார். கும்பிடெல்லாம் திரும்பி வந்த பாண்டிதுரைக்கே விழுந்தது.

ஆடித் தேரோட்டத்துக்கு ஐயாதுரை ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். கடைவீதியில் மெஷின் வைத்துப் பச்சை குத்துகிறவன் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் போய் உட்கார்ந்து இடது கையை நீட்டினார்.

"ஒரு சொட்டு போடு. உள்ள 'ஓ நெகட்டிவ்'னு எழுது. நல்லாப் பெருசா, தூரத்துல நிக்கவனுக்கும் தெரியணும்."

அவன் புது ஊசியைப் பிரித்து மாட்டினான். மெஷின் உறுமியது. ஊசி தோலைத் தொடப்போன நேரம் ஐயாதுரை கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"என்ன அண்ணாச்சி, வலிக்குப் பயமா?"

"வலியாவது ஒண்ணாவது" என்று சட்டைக்கையை இறக்கி விட்டபடி எழுந்தார் ஐயாதுரை. "ஒரு வருசம்லா. அம்புட்டு நாளும் அவன் ஒருத்தனே குடுத்துக்கிட்டு இருப்பான்."