தறிச் சத்தத்துக்குள் நாடகம் கண்டவர்

பத்மாசனி டீச்சர் இறந்த செய்தி எனக்குச் சத்தமில்லாமல் வந்தது. இராஜபாளையத்தில் என் கட்டுத்துணித் தறிக்கூடத்தின் கடைக்கோடியில் நின்றிருந்தேன். அத்தனை தறியும் ஓடிக்கொண்டிருந்தது. வாசல் அறைக்குப் போன் வந்திருக்கிறது. கணக்கர் எவ்வளவு கத்தினாலும் என் காதுக்கு எட்டாது. அவர் முதல் தறிக்காரியிடம் சொல்ல, அவள் அடுத்தவளைப் பார்த்து உதட்டை அசைக்க, தறிக்குத் தறி நகர்ந்து, கடைசித் தறியில் நின்ற சேர்மக்கனி என் பக்கம் திரும்பினாள். 'டீச்சர் போயிட்டாவ' என்றது அவள் உதடு. குரல் இல்லாமலே எனக்கு விளங்கியது. அப்படி விளங்கும்படி என்னைப் பழக்கியவரே டீச்சர்தான்.

இந்த நினைவு மலரில் எழுதுகிற மற்றவர்கள் அவரிடம் ஆங்கிலம் படித்தவர்கள், அல்லது கல்லூரியில் அவரோடு வேலை பார்த்தவர்கள். நான் எட்டாவதோடு நின்றவன். மம்சாபுரத்திலிருந்து சைக்கிளில் துணிக்கட்டு ஏற்றிக்கொண்டு வந்து தொழில் பிடித்தவன். ஆதாயம் இல்லாத இடத்தில் நிற்கிற பழக்கம் எனக்கு இல்லை. என்னையும் ஆறேழு வருஷம் ஒரு நாடகப் படிப்பின் பக்கத்தில் நிற்க வைத்தார் அந்த அம்மாள். எப்படி என்று இன்றும் யோசிக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, குடையை மடக்கிக்கொண்டே என் துணிக்கடைக்குள் நுழைந்தார்.

"அண்ணாச்சி, உங்க துணி டென்மார்க்குக்குப் போறதாமே?"

"தூத்துக்குடி ஏஜென்ட் மூலமாப் போகுது. ஒங்களுக்கு என்ன வேணும்?"

"அங்கேர்ந்து உங்களுக்கு ஏதாவது வருமா?"

"வருசத்துக்கு ஒரு காலண்டர் வரும்."

"இந்த வருஷம் காலண்டர் வேண்டாம்னு எழுதுங்கோ. நாடகப் புஸ்தகம் அனுப்பச் சொல்லுங்கோ."

பேச்சு அவ்வளவுதான். டென்மார்க், நார்வே, சுவீடன் மூன்று நாட்டுக்காரர்களும் நூறு வருஷமாக எழுதிவருகிற நாடகங்களைப் பற்றி மதுரைப் பல்கலைக்கழகத்தில் பதிந்து ஆராய்ச்சி செய்கிறாராம். புத்தகம் இங்கே கிடைக்கவில்லையாம். கேட்பதில் நஷ்டம் இல்லையே என்று நானும் எழுதிப் போட்டேன். காயத்துக்குக் கட்டுகிற துணி விற்பவன் நாடகம் கேட்கிறானே என்று அங்கே என் துணியை வாங்குகிற வெள்ளைக்காரருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். ஒரு பெட்டி நிறைய அனுப்பினார். பாதி ஆங்கிலம், மீதி அவர்கள் பாஷை. கூடவே ஓர் அகராதி. அந்த ஒற்றை அகராதியை வைத்துக்கொண்டே டேனிஷ் படித்துவிட்டார் டீச்சர்.

கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்தவருக்கு அந்தக் குளிர் தேசத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "அந்த மனுஷா மனசுல இருக்கறதை வாய்விட்டுச் சொல்ல மாட்டா, அண்ணாச்சி. எங்காத்துலயும் அப்படித்தான்" என்றார்.

அந்த நாடகங்களில் வரிக்கு வரி 'மௌனம்' என்று அச்சடித்திருக்கும். அது எவ்வளவு நேரம் என்பதுதான் அவருடைய கவலை. அதற்காகவே சனிக்கிழமைகளில் என் கடையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, கையில் கடிகாரத்தோடு உட்காருவார். ஒரு நாள் தறிக்கு நூல் விற்கிற தரகர் ஒருவர் வந்திருந்தார். நான் ஒரு விலை கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவர் விசிறினார், தண்ணீர் குடித்தார், கடைசியில் இறங்கி வந்தார். தரகர் படி இறங்கியதும் டீச்சர் சொன்னார்: "முப்பத்தெட்டு விநாடி. ஒரு விநாடி முன்னாடி நீங்க பேசியிருந்தா, நீங்கதான் விலையை ஏத்தியிருப்பேள்." தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அதைச் செய்கிறவன் நான். அதற்கு ஓர் அளவு உண்டு என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

அப்புறம் தறிக்கூடத்தைப் பார்க்கவேண்டும் என்றார். வருகிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் வெளியே ஓடிவிடுவார்கள். இவர் ஐந்தாறு வாரம் வந்து, சேர்மக்கனி பக்கத்தில் நின்று, அந்தப் பெண்கள் உதட்டாலும் விரலாலும் பேசுவதைக் கற்றுக்கொண்டார்.

"உள்ளே எத்தனை கதை ஓடறது தெரியுமா அண்ணாச்சி? மூணாம் தறிப் பொண்ணுக்கு வரன் தட்டிப்போயிடுத்து. ஏழாம் தறிப் பொண்ணு நூலை முடிஞ்சுண்டே அவளைச் சிரிக்க வைக்கறா."

"என்னப் பத்தி என்ன பேசுதாளுக?"

"அதை மட்டும் கேக்காதீங்கோ."

கூடத்தைக் கட்டியவன் நான். அதற்குள் நடந்த பேச்சு ஒன்றுகூட எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. அதன் பிறகு உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்க எனக்கும் டீச்சரே பழக்கிவிட்டார்.

ஆய்வேடு முடிகிற நேரத்தில் தகராறு வந்தது. இந்த நாடகங்களை ஒரு வரி மாற்றாமல் நம் ஊர் சாதாரண ஜனத்துக்குப் போட்டுக் காட்டலாம் என்று கடைசி அத்தியாயத்தில் எழுதியிருந்தார். வழிகாட்டிப் பேராசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. பாட்டும் வசனமும் இல்லாமல் இங்கே எவன் உட்காருவான், அந்த அத்தியாயத்தை எடுத்தால்தான் கையெழுத்து என்றுவிட்டார். "மத்த அத்தியாயமெல்லாம் யாரும் எழுதலாம், அண்ணாச்சி. இது ஒண்ணுதான் நான் கண்டுபிடிச்சது" என்றார் டீச்சர். பிறகு நிமிர்ந்து, "உங்க குடோன் ஒரு நாளைக்கு வேணும்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். துணிப் பேல்களை ஓரம் கட்டி, ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டோம். நார்வே நாடகம், டீச்சரே தமிழில் பெயர்த்தது. மகன் படகில் போயிருக்கிறான், திரும்பவில்லை. அவன் இனி வரமாட்டான் என்று அப்பனுக்கும் தெரியும், ஆத்தாளுக்கும் தெரியும். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் சாப்பிட உட்காருகிறார்கள். கதையே அம்புட்டுத்தான். ஆத்தாளாக சேர்மக்கனி, அப்பனாக எங்கள் தறிகளைப் பழுதுபார்க்கிற பிட்டர். பார்க்க வந்தது தறிக்காரிகளும் மில் ஆட்களும் அவர்கள் வீட்டாரும். பேராசிரியர் முன்வரிசையில் இருந்தார்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு நம்பிக்கை இல்லை. நான் வியாபாரி. சரக்கு போகாவிட்டால் மாற்றுச் சரக்கு வேண்டும். டீச்சருக்குத் தெரியாமல் ஒரு மைக் செட்காரரைச் சினிமாப் பாட்டுக் கேசட்டோடு பின்னால் நிறுத்தியிருந்தேன். நான் கையைத் தூக்கினால் அவர் பாட்டைப் போட வேண்டும்.

சேர்மக்கனி மகனுக்கென்று மூன்றாவது தட்டை எடுத்து மேசையில் வைத்தாள். பிட்டர் அதைப் பார்த்தான். அவ்வளவுதான், இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். விசில் வரப்போகிறது, இந்த அம்மாவின் படிப்பு இங்கேயே முடியப்போகிறது என்று நினைத்தேன். கை மேலே போய்விட்டது. கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்ற டீச்சர் என்னைப் பார்த்துவிட்டார். முகத்தில் கோபம் இல்லை. உதடு மட்டும் அசைந்தது: 'இருங்கோ.'

கையை இறக்கினேன். அப்புறம்தான் கூட்டத்தைப் பார்த்தேன். ஒருவரும் நெளியவில்லை. நாளெல்லாம் இரைச்சலில் முகம் பார்த்தே பேசிப் பழகிய ஜனம். அத்தனை கண்ணும் சேர்மக்கனியின் வாய் மேலேயே இருந்தது. முன்வரிசையில் ஓர் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சொல்லிட்டாளே" என்றாள்.

பேராசிரியர் அவளிடம் குனிந்தார். "என்னம்மா சொன்னா? அவ வாயே தொறக்கலையே."

"மவன் போயிட்டாம்னு சொல்லிட்டால்லா. ஒமக்குக் கேக்கலையா?"

பேராசிரியர் பதில் பேசவில்லை. எவ்வளவு நேரம் என்று டீச்சர்தான் எண்ணியிருப்பார். நாடகம் முடிந்து எல்லாரும் போன பிறகு, மேசை மேல் இருந்த அந்த மூன்றாவது தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கடைசி அத்தியாயத்தைக் கொண்டுவரச் சொல்லி அங்கேயே கையெழுத்துப் போட்டார். மைக் செட் விஷயத்தைப் பற்றி டீச்சர் என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.

செய்தி வந்த அன்று, மரியாதைக்காகத் தறிகளை நிறுத்தலாம் என்று போய் மெயின் சுவிட்சில் கை வைத்தேன். சேர்மக்கனி தலையை ஆட்டினாள். 'ஓடட்டும் மொதலாளி. பேசிக்கிட்டு இருக்கோம்' என்றது அவள் உதடு. திரும்பிப் பார்த்தேன். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எல்லாரும் டீச்சரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவர் புத்தகங்கள் கல்லூரிக்குப் போகும். கடிகாரம் அவர் வீட்டாருக்கு. கூட்டத்துக்கு அந்தப் பக்கமிருந்து குரல் இல்லாமல் சொன்ன அந்த 'இருங்கோ' என்னிடம் இருக்கிறது. சுவிட்சிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, அவர்கள் பேசி முடிக்கிற வரை நின்றேன்.