ஒரு காலண்டர்கூட இல்லாத வீடு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டைப் பார்க்க பொம்மிடியிலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள். பெண் வீட்டார். மாப்பிள்ளையையும் ஜாதகத்தையும் பார்த்தாகிவிட்டது. மிச்சம் வீடு மட்டும்தான்.

வீடு பார்க்க வருவது என்றால் எங்கள் தருமபுரிப் பக்கம் சும்மா காபி குடித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. சமையல்கட்டு வரைக்கும் வருவார்கள். குழாயைத் திறந்து பார்ப்பார்கள். ஒகேனக்கல் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று விசாரிப்பார்கள். பெண்ணைக் கொடுக்கிறவர்கள், கேட்கத்தானே செய்வார்கள்?

என் மகன் பிரகாஷுக்கு முப்பத்திரண்டு வயது. இதற்கு முன்னால் வந்து பார்த்த குடும்பம், ஊர் போய்ச் சேர்ந்ததும் தரகரிடம் ஒரே வரியில் முடித்துவிட்டது. வூடு ஒரே அடைசலா இருக்குதாம்!

இருபத்தாறு வருஷமாக நான் பார்த்துப் பார்த்து அடுக்கிய வீடு. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் ஷோகேஸால் பையன் கல்யாணம் நின்றுபோனது என்றால் எப்படி இருக்கும்?

உட்கார்ந்து போனில் வீடியோ பார்த்தேன். 'உள்ளே வந்ததும் மனசு அமைதியாகணும்...' என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே ஒரு பெண் சோபா மேல் ஒரு குஷனை வைப்பாள். ஹாலில் வேறு எதுவுமே இருக்காது. அந்த வீட்டில் அரிசி மூட்டையை எங்கே வைப்பார்கள் என்று கடைசி வரை சொல்லவில்லை. ஆனாலும், பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மறுநாளே ஆரம்பித்தேன். ஷோகேஸ், எவர்சில்வர் குடங்கள், பிரகாஷ் ஸ்கூலில் வாங்கிய கப்புகள், பிளாஸ்டிக் சேர்கள், புளி மூட்டை, தினசரி காலண்டர் — எல்லாம் பின் அறைக்குப் போயின. ஆணி பிடுங்கிய ஓட்டைகளுக்குப் பட்டி பார்த்து, சுவருக்குச் சந்தனக் கலர். ட்யூப்லைட் போய் மஞ்சள் பல்பு. மூலையில் ஒரு செடி. சீரியல் பல்பு போட்ட மாமனார் படத்தைக் கழற்றும்போது மட்டும் என் வீட்டுக்காரர், "எங்கப்பாவும் அடைசலா?" என்று கேட்டார். நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

ஒன்பது பேரில் நாலு பேர் சோபாவில் உட்கார்ந்தார்கள். மற்றவர்களுக்குப் புது ஜமுக்காளம் விரித்தேன். அதுவும் சந்தனக் கலர்தான். பெண்ணின் தாய்மாமா பல்பை அண்ணாந்து பார்த்து, "வோல்டேஜ் கம்மிங்களா?" என்றார். பல்பே அப்படித்தான் என்றேன். அவர் நாலு சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். குனிந்து பெண்ணின் அம்மாவிடம் ஏதோ சொன்னார். அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது.

ஹாலில் அமைதி. வீடியோவில் சொன்ன அதே அமைதி...

கடைசியில் அந்த அம்மாவே கேட்டுவிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. சொந்த வூடுன்னு தரகர் சொன்னாருங்க. இது காலி பண்ணிட்டுப் போற மாதிரி இருக்குதுங்களே?"

சொந்த வீடுதாங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி கேட்டது.

தாய்மாமா எழுந்துவிட்டார். நல்ல நேரம் பார்த்துக் கிளம்பலாம் என்று சுவரில் காலண்டரைத் தேடினார். ஒரு காலண்டர்கூட இல்லாத வீட்டை அவர் வாழ்நாளில் பார்த்திருக்கமாட்டார். 'உள்ளே இருக்குதுங்க' என்று என் வீட்டுக்காரர் பின் அறைப் பக்கம் நடந்தார். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். மனுஷன் திறந்தேவிட்டார்.

ஒரு கப் உருண்டு வந்து தாய்மாமாவின் காலடியில் நின்றது. உள்ளே குடத்துக்கு மேல் குடம். அத்தனைக்கும் நடுவே மாமனார் படம், சீரியல் பல்பு எரிய. என் வீட்டுக்காரர் எப்போது பிளக்கில் சொருகினாரோ, எனக்குத் தெரியாது. அதைப் பார்த்ததும் கஷ்டமாகிவிட்டது.

பெண்ணின் அம்மா நேராக உள்ளே போனார். படத்தில் இருப்பது யார் என்று கேட்டார். புளியைத் தொட்டுப் பார்த்து, சொந்த மரமா என்று கேட்டார். கொல்லையில் நாலு மரம் நிற்கிறது என்றேன். உடனே அடுக்கிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சேரை உருவிப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இப்பத்தாங்க ஒரு வூட்டுக்குள்ள வந்த மாதிரி இருக்குது."

மற்றவர்களும் ஆளுக்கொரு சேரை உருவினார்கள். காபி அங்கேயே. காலண்டர் அட்டையில் இருந்த முகூர்த்த நாட்களைப் பார்த்து ஆவணியில் ஒரு தேதியும் அங்கேயே குறித்தாயிற்று.

அமைதியான வீடு வேறு, ஆள் இல்லாத வீடு வேறு. இது எனக்குப் பட்டி காய்ந்த பிறகுதான் புரிந்தது. திங்கட்கிழமை அதே பட்டியில் திரும்ப ஆணி அடித்து மாமனாரை மாட்டினோம்.

மஞ்சள் பல்பையும் கழற்றப் போனேன். பிரகாஷ் தடுத்துவிட்டான். வந்தவர்கள் எடுத்துப் போன போட்டோவில் பார்த்து, அது மட்டும் இருக்கட்டும் என்று கல்யாணப் பெண் சொன்னாளாம். அப்படியா... சரி, இனிமேல் இந்த வீட்டில் வோல்டேஜ் கம்மிதான்!