பின்பக்கத்தில் வராத சிக்னல்

பெங்களூரு காக்ஸ் டவுனில் நான் குடியிருந்த மாடிக்குக் கீழ்வீட்டின் வைஃபை இலவசம். அதற்கு ஈடாக, வயர், பாஸ்வேர்ட், ரீசார்ஜ் என்று எது மக்கர் செய்தாலும் நான் இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். ஐடியில் வேலை செய்கிறவளுக்கு மிக்ஸிகூட ரிப்பேர் பார்க்கத் தெரியும் என்பது வீட்டுக்கார ஆன்ட்டியின் நம்பிக்கை. ஒருமுறை மிக்ஸியையே கையில் கொடுத்தும் பார்த்துவிட்டார்.

கீழே இருந்தது ஆன்ட்டியும் மருமகளும் மட்டும். மகன் கல்யாணம் முடிந்த கையோடு வளைகுடா வேலைக்குக் கிளம்பிவிட்டான். ஆனால் அவன் வீட்டைவிட்டுப் போகவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றும். காலையில் வரும் வீடியோ கால் லேசில் முடியாது. மருமகள் வெங்காயம் நறுக்கும்போது, மசாலா டப்பாவில் சாய்த்து வைத்த போனிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பான். பேசக்கூட மாட்டான். பிரிவின் ஏக்கம் என்று நினைத்து முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

பழைய வீடு, சுவர்கள் கோட்டை மாதிரி. முன்கூடத்து ரௌட்டரின் சிக்னல் தத்தித் தத்திச் சமையலறைவரை வரும். பின்பக்கம் பாத்திரம் கழுவும் இடத்தில் செத்துவிடும். அங்கே போனால் அவன் முகம் அசையாமல் நிற்கும், பிறகு கால் கட்டாகும்.

"மவன் இன்னொரு ரௌட்டர் ஆர்டர் போட்டிருக்கான்மா. பின்னாடி போனா கட் ஆயிடுதாம். சொல்ப மாட்டிக் குடுத்துடு" என்றார் ஆன்ட்டி. 'கொஞ்சம்' அவருக்கு எப்போதும் கன்னடத்து 'சொல்ப'தான்.

முன்கூடத்திலிருந்து கேபிள் இழுத்து, சமையலறை அலமாரிமேல் இரண்டாவது ரௌட்டரை வைத்தேன். அதன் ஆப் ஒரு போன் நம்பர் கேட்டது. அந்த வீட்டில் கேஸ், கரண்ட் பில், டிவி எல்லாமே மகன் நம்பரில்தான். ஓடிபி அவனுக்குப் போகும், அவன் வீடியோவில் வாசிப்பான், இங்கே தட்டிக்கொள்வார்கள். வழக்கம்தானே என்று நானும் அப்படியே தட்டினேன்.

ஆன்ட்டி பிரேயர் மீட்டிங் கிளம்பினார். மருமகள் கால் ஓடிக்கொண்டிருந்த போனை முன்கூடத்து மேசையில் வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டாள்.

"அக்கா, பின்னாடி மட்டும் வராத மாதிரி வைக்க முடியுமா?"

"ஏம்மா?"

"அங்கதான்கா நான் சும்மா உக்காருவேன். தானா கட்டானா சிக்னல் இல்லன்னு விட்டுடுவாரு. நானா கட் பண்ணா எங்க அப்பாவுக்கு ஃபோன் போட்டு, உங்க பொண்ணக் கூட்டிட்டுப் போங்கன்றாரு. போன தடவ அப்பா வந்து மன்னிப்பு கேட்டுட்டுப் போனாரு. இன்னொரு தடவ ஆச்சுன்னா கூட்டிட்டுப் போயே தீரணுமாம்."

ஆப்பில் புது ரௌட்டரின் சிக்னல் பவரைக் கடைசி அளவுக்குக் குறைத்தேன். அவள் போனோடு பின்பக்கம் நடந்து பார்த்தாள். அவன் முகம் அசையாமல் நின்றது. அவள் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்தாள். திரும்பி வந்த ஆன்ட்டியிடம், "சுவர் தடிமன் ஆன்ட்டி, இதுக்கு மேல வராது" என்று கூசாமல் புளுகினேன். அன்றைக்கு என்மேல் எனக்கே பெருமை.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து எனக்கு மெசேஜ் வந்தது. புரொஃபைல் படத்தில் மாலையும் கழுத்துமாக மகனும் மருமகளும்.

"சிஸ்டர், ஆப்-ல பாத்தேன். பின்னாடி ரௌட்டர் பவர் லோ-ல இருந்துச்சு. ஃபுல் வச்சிட்டேன்."

அவன் நம்பரில் பதிந்த ரௌட்டர், அவன் போனிலிருந்தே எல்லாவற்றையும் பார்க்கலாம், மாற்றலாம். இத்தனை வருடம் இதே துறையில் குப்பை கொட்டுகிற எனக்கு அது உறைக்கவில்லை.

"யாரு சொல்லி லோ வச்சீங்க?"

"நானாதான் வச்சேன். சூடாகும்னு."

"சரி சிஸ்டர். அவகிட்டயே கேட்டுக்கறேன்."

படியிறங்கி ஓடினேன். ஆன்ட்டி கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். சமையலறையைத் தாண்டும்போதே பின்பக்கத்தில் போன் அடித்தது. வாளிமேல் உட்கார்ந்திருந்தவள், பாம்பைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தாள். எடுக்காதே என்று கையாட்டினேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

துளிகூட விட்டு விட்டு வராமல், தெளிவாகக் கேட்டது அவன் குரல். கோபமே இல்லை.

"உங்க அப்பாகிட்ட பேசிட்டேன். இன்னிக்கு பஸ் ஏறிடுவாரு. துணியெல்லாம் எடுத்து வச்சுடு."

அவள் கண்மட்டும் ஒரு கணம் என் பக்கம் வந்தது.

"யாரு அங்க? போனத் திருப்பு, பாக்கலாம்."

அப்பாவைப் பற்றிச் சொன்னபோது அசையாமல் இருந்தவள், இதை அவன் சொன்ன உடனே போனை என் பக்கம் திருப்பினாள்.