ஈஸ்டர் வரைக்கும் லியோ

குடியை நிறுத்துவதற்கென்று ஒலிம்பிக்கில் ஒரு போட்டி வைத்திருந்தால், தங்கப் பதக்கம் ஒவ்வொரு தடவையும் கோயமுத்தூரின் கணபதிப் பகுதிக்குத்தான் வந்திருக்கும். லேத் பட்டறை லியோ அப்படி நிறுத்துவார். மற்றவர்கள் ஆயுசில் ஒரு தடவை நிறுத்தவே திணறுகிறார்கள். அவர் வருஷா வருஷம் நிறுத்தினார். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோயில் படி இறங்கினால், ஈஸ்டர் வரைக்குமான நாற்பது நாள் தவக்காலம் முடிகிற வரை ஒரு சொட்டு கிடையாது. ஈஸ்டர் பூசை முடிந்த கையோடு, விட்டதற்கெல்லாம் சேர்த்துக் குடிப்பார்.

தவக்காலத்தில் வீட்டில் அடங்கி இருப்பாரா என்றால் அதுவும் இல்லை. அங்கப்பனின் பிராந்திக் கடைக்குப் போய், நடு மேசையில் உட்கார்ந்து கலர் சோடா குடிப்பார். பார்க்கிறவன் பார்க்கட்டும் என்று.

"நெனச்சா நிறுத்திப்போடுவேன் அம்மணி. நானென்ன குடிகாரனா?" என்பார் பெண்டாட்டி கிளாடிஸிடம்.

தொண்ணூற்று நாலு ஈஸ்டரில் அவர் பிரியாணிச் சட்டியைத் தூக்கி வீசினார். சுடுசோறு மகள் ரோஸ்லினின் காலில் கொட்டியது. தழும்பு இன்னும் போகவில்லை. தொண்ணூற்றைந்தில் சாம்பல் புதன் வருவதற்கு முன்பே கிளாடிஸ் மகளைக் கூட்டிக்கொண்டு துடியலூரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"தவக்காலத்துல நிறுத்தறது எனக்கு வேண்டாங்க. ஈஸ்டருக்கு நிறுத்துங்க," என்றாள் கிளம்பும்போது. "அன்னிக்கு மத்தியானம் புள்ளையக் கூட்டிட்டு வாரேன். வாயை மோந்து பாப்பேன். வாசம் அடிச்சுதுன்னா அடுத்த பஸ்சுக்குத் திரும்பிருவேன். அப்பறம் வரமாட்டனுங்க."

லியோ சிரித்தார். தவக்காலம் தொடங்கியதும் வழக்கம்போல் அங்கப்பன் கடைக்குக் கலர் குடிக்கப் போனார்.

பக்கத்து நாற்காலி காலியாகக் கிடந்தது. அது உக்கடத்தில் ட்ரங்குப் பெட்டி அடிக்கிற ரசாக்கின் இடம்.

"ரசாக் பாய எங்க காணோம்?"

அங்கப்பனுக்கு முகம் சுண்டிப் போனது. "அந்தாளப் பேசாதீங்க. செவ்வாக்கெழமையானா மில்லுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல குடிகாரனுக எல்லாம் வட்டமா உக்காந்து டீ குடிக்கறாங்களாமா. மருந்துமில்ல, மந்திரமுமில்ல. வெறும் பேச்சு. என்ர ஏவாரம் போச்சுங்க."

டாக்டரும் சொல்லவில்லை, சாமியாரும் சொல்லவில்லை. குடியை விடுகிற இடத்துக்குப் பிராந்திக் கடைக்காரன்தான் வழி சொன்னான்.

வேடிக்கை பார்க்கத்தான் லியோ போனார். ஒண்ணாங் கிளாஸ் பெஞ்சு. உட்கார்ந்தால் முட்டி தாடையில் இடித்தது. ரசாக் எழுந்து நின்றார்.

"என் பேரு ரசாக்குங்க. நான் குடிகாரனுங்க. நோன்பு மாசம் முச்சூடும் தொடமாட்டேன். பெருநாள் தொழுகை முடிஞ்சா, ஊட்டுக்குப் போகாம நேரா அங்கப்பன் கடைதானுங்க."

அடுத்து வெள்ளியங்கிரி என்கிற லாரி டிரைவர். "சபரிமலைக்கு மாலை போட்டா ஊரே என்னைச் சாமிம்பாங்க. மாலையக் கழட்டுன அன்னிக்கு நான் உருண்ட சாக்கடைய அவங்களே வந்து காட்டுவாங்க."

லியோ சிரிக்க வாயைத் திறந்தார். சிரிப்பு வரவில்லை. ரசாக் அவர் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு எந்தப் பண்டிகைங்க?"

"ஈஸ்டருங்க," என்றார் லியோ.

பெஞ்சு ஆட எல்லோரும் சிரித்தார்கள். ஊர் சிரிக்கிற சிரிப்பு அல்ல அது. சிரித்து ஓய்ந்ததும் ரசாக் சொன்னார்: "இதுக்குப் பேரு நிறுத்தறது இல்லீங்க. தேதி பாத்துக் குடிக்கறது. ஈஸ்டரன்னிக்குத் தனியா மட்டும் இருந்துராதீங்க. பூசை முடிஞ்சதும் என்ர ஊட்டுக்கு வந்துருங்க."

ஈஸ்டர் வந்தது. லியோ கோயிலில் இருந்து நேராக ரசாக் வீட்டுக்குப் போனார். ஆறு டம்ளர் டீ குடித்தார். மத்தியானம் கிளாடிஸ் வந்தாள், மோந்து பார்த்தாள், அழுதாள். ரோஸ்லின் அப்பாவின் தோளில் ஏறிக்கொண்டாள்.

இந்தக் கதையை எழுதிய பயல் அதோடு முடித்துவிட்டு, பட்டறைக்குப் போய் லியோவுக்கு வாசித்துக் காட்டினான். ஒலிம்பிக்குக்கு அவர் சிரித்தார். பிரியாணிச் சட்டி வந்தபோது தலையைக் குனிந்துகொண்டார். கடைசிக்கு வந்ததும் லேத்தை நிறுத்தினார்.

"ரசாக் பாய் ஊட்டுக்கு நான் எங்க கண்ணு போனேன்?"

பயல் கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்தான்.

"முந்துன நாளே பாட்டில் வாங்கி வெச்சுட்டேன். பூசைக்கே குடிச்சுட்டுத்தான் போனேன். அவ வந்தா. மோந்தெல்லாம் பாக்கல. நான் நின்ன நெலையப் பாத்துட்டு, புள்ளைய இடுப்புல இருந்து எறக்காமயே திரும்பிட்டா. இன்னி வரைக்கும் துடியலூர்லதான் இருக்கறா. ரசாக் பாய்தான் அடுத்த செவ்வாக்கெழம வந்து, திட்டாம கூட்டிட்டுப் போனாரு. இப்பவும் போயிட்டுத்தான் இருக்கறேன்." கையிலிருந்த எண்ணெய்த் துணியை உதறினார். "உனக்குத் தெரியாததா? ஊருக்கே தெரியும். எதுக்குக் கண்ணு மாத்துனே? எம்மேல பாவம் பாத்தியா?"

"இல்லீங்க..."

"கிளாடிஸ் இதப் படிப்பா. நான் அவகிட்டச் சொன்ன பொய்யே போதும். உம் பங்குக்கு வேற சொல்லாத. அத அடிச்சுப்போட்டு நடந்தத எழுது."